நெட்டைக்காலின்ர வயிறு நனைஞ்சிட்டோ?

நெட்டைக்கால் எண்டது எங்கட கடலேரியில நிக்கிற ஒரு நீளக்கால் குருவி. அதைப் பற்றி எழுத முதல் ஒரு வெக்கக்கேடான கதையோட துவங்குறன், ஏன் எண்டா அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல ஏலாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தை மாசம், விடிய ஆறரை இருக்கும், யாழ்ப்பாணத்து வல்லைவெளியில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு தொண்டைமானாற்றுக் கடலேரிப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கேக்க கறுப்பும் வெள்ளையுமா ஒரு குருவி தனிய நிக்குது. நல்ல மெல்லிசு, நல்ல வடிவு, கால் நீலச்சாம்பல், சொண்டு நுனி மேல வளைஞ்சிருக்கு. எனக்கு நெஞ்சு படபடக்கத் துவங்கிட்டு. கோணமூக்கு உள்ளான்! அவொசெற்! இலங்கைக்கு எப்பவாவது ஒருக்கா வந்து போற விருந்தாளி, அதைப் பாக்கிறதுக்கெண்டே லீவு போட்டுக்கொண்டு ஓடித்திரியிற ஆக்கள் இருக்கினம், அது இப்ப என்ர மூக்குக்கு முன்னால நிக்குது. கை நடுங்க நடுங்க நாலு படம் எடுத்து, வீட்ட போற வரைக்கும் கூடப் பொறுக்காமல் அதில நிண்டபடியே எங்கட குருவி பாக்கிற வட்ஸ்அப் குறூப்பில போட்டன். "அவொசெற், வல்லை, இப்ப" எண்டு எழுதி மூண்டு ஆச்சரியக்குறி வேற.

பத்து நிமிசத்தில மாஸ்டர் பதில் போட்டார். மாஸ்டர் எண்டா எங்கட குறூப்பில மூத்தவர், விஞ்ஞானம் படிப்பிச்சு பென்சன் எடுத்தவர், ஆரையும் நேர ஏசமாட்டார், ஆனா ஏசினதைவிட மோசமா ஒரு வசனம் சொல்லுவார். "பிள்ளை, உம்மட குருவியின்ர காலைக் கழுவிப்போட்டு இன்னொரு படம் எடும். சொண்டில தொங்குற சாதாளையையும் அப்பிடியே எடுத்துவிடும்."

பெரிசாக்கிப் பாத்தன். மனுசன் சொன்னது சரி. கால் ரெண்டும் மேல வரைக்கும் சாம்பல் சேறு பூசிக் காஞ்சுபோய்க் கிடக்கு, சொண்டு நுனியில ஒரு துண்டுச் சாதாளை, அதுதான் கடற்புல்லு, ஒட்டி அது வாடைக்காத்துக்கு மேல நிமிந்து நிக்குது, அதைத்தான் நான் வளைஞ்ச சொண்டெண்டு எடுத்திருக்கிறன். அவொசெற் எண்டா முதுகில வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையா இருக்கவேணும், உச்சந்தலையில இருந்து பிடரி மட்டும் தொப்பி போட்டமாதிரி ஒரு கறுப்பு இருக்கவேணும். இதில தொப்பியும் இல்லை, பட்டையும் இல்லை, செட்டை முழுக்க ஒரே கறுப்பு. நெடுங்கால் உள்ளான். கைதடியில இருந்து ரவுணுக்கு வேலைக்குப் போகேக்க நாவற்குழிப் பாலம் தாண்டினதும் பஸ் யன்னலால 14 வருசமா நான் பாத்து, பாத்தும் பாக்காமல் போன அதே குருவி. குறூப்பில சிரிப்புப் பொம்மையள் வரிசையா வந்து விழுந்துது. போனை ஓஃப் பண்ணிப்போட்டு வீட்ட போய்த் தேத்தண்ணி குடிச்சன்.

இந்தக் குருவிக்குத் தமிழ்ப் புத்தகங்களில நெடுங்கால் உள்ளான் எண்டு பேர். இங்கிலீஷில ஸ்ரில்ற், அதாவது பொய்க்கால், எங்கட பொய்க்கால் குதிரை ஆட்டத்தில கட்டுற கட்டைக்கால் மாதிரி. விஞ்ஞானப் பேரில கிரேக்கச் சொல்லு ஒண்டு கிடக்கு, அதைப் பிரிச்சா தோல்வார்க்கால் எண்டு வரும், எனக்கு அந்தப் பேர்தான் கூடப் பிடிப்பு, ஏன் எண்டா அது பறக்கேக்க கால் ரெண்டும் பின்னால வார் மாதிரியே தொங்கிக்கொண்டு போகும். கடலேரியில வீச்சுவலை போடுற ஆக்கள் சிம்பிளா நெட்டைக்கால் எண்டு சொல்லுவினம். எங்கட அம்மாவுக்கு தண்ணியில நிக்கிற எல்லாமே கொக்கு, கூழைக்கடாவைக் காட்டினாலும் "பெரிய கொக்கு" எண்டுதான் சொல்லுவா, அவவோட வாதாடி நான் வெண்டதில்லை.

புத்தகத்தில பாத்தா இதைவிட லேசா அடையாளம் பிடிக்கக்கூடிய கரைக்குருவி வேற இல்லை எண்டுதான் படும். நீளம் 35 முதல் 40 சென்ரிமீற்றர், அதில கால் மட்டும் 17 முதல் 24 சென்ரிமீற்றர், உடம்போட ஒப்பிட்டா பூநாரைக்கு அடுத்தபடி நீளக்கால் இதுக்குத்தான். பாரம் எண்டு பாத்தா ஒரு நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின்ர அளவுக்கும் வராது. வெள்ளை உடம்பு, கறுப்புச் செட்டை, ஊசிமாதிரி நேரான கறுத்தச் சொண்டு, சிவந்த கண், ரோசாச்சிவப்புக் கால். முடிஞ்சுது. இதில ஆர் பிழைவிடப்போகினம்?

நான் விட்டனான். விட்ட பிறகு உக்காந்து யோசிச்சா, அந்தப் பட்டியலில நிறம் எண்டு சொல்லியிருக்கிற ஒவ்வொண்டும் எங்கட கடலேரியில கவிட்டு விழுத்தக்கூடிய சாமான். காலில சேறு பட்டா சிவப்பு இல்லை. எட்டு எட்டரைக்கு மேல வெயில் ஏறினா தண்ணிக்கு மேல கானல் ஆடத் துவங்கும், அதுக்குள்ளால பாத்தா எல்லாக் குருவியும் கறுப்பு, எல்லாச் சொண்டும் நெளியும். சூரியனுக்கு நேர பாத்தாலும் அதே கதிதான். ஆண் குருவிக்கு முதுகு பச்சை மினுக்கம் அடிக்கிற கறுப்பு, பெண்ணுக்கு அது கொஞ்சம் மண்ணிறம் கலந்தது, அந்த வருசத்துக் குஞ்சு எண்டா முதுகு முழுக்க மண்ணிறம், ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் கரை கட்டியிருக்கும், கால் சிவப்பும் இல்லை, ஒரு மங்கல் றோசா. தலையைப் பற்றிக் கேட்கவேண்டாம். சிலதுக்குத் தலையும் கழுத்தும் பால் வெள்ளை, சிலதுக்கு உச்சியில சாம்பல், சிலதுக்குப் பிடரி வழிய கறுப்பு இறங்கியிருக்கும், ஒரே கூட்டத்துக்குள்ளயே எல்லா வகையும் நிக்கும். துவக்கத்தில நான் ஒவ்வொரு தலையையும் ஒவ்வொரு இனம் எண்டு நினைச்சுக் கொப்பியில கீறி வைச்சனான், அந்தக் கொப்பி இன்னும் கிடக்கு, ஒருத்தருக்கும் காட்டமாட்டன்.

சிவப்புக்காலை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கல் இருக்கு. கரைவழிய ஓடித்திரியிற றெட்ஷாங்க் குருவிக்கும் கால் சிவப்பு, செம்மஞ்சள் கலந்த சிவப்பு. அது 28 சென்ரிமீற்றர் அளவில ஒரு மண்ணிறக் குருவி, கிட்டப் பாத்தா குழம்பவே தேவையில்லை, ஆனா தூரத்தில வெயிலுக்குள்ள சிவப்புக்கால் ஒண்டு மட்டும் மினுங்கினால் மனம் தனக்குத் தெரிஞ்ச மிச்சத்தைத் தானே கீறி நிரப்பிப்போடும். அதோட எங்கட ஆக்களுக்கு சிவப்புக்கால் எண்டாப் பள்ளிக்கூடத்தில தமிழ்ப் பாடத்தில படிச்ச செங்கால் நாரைதான் ஞாபகம் வரும். என்னோட வேலை செய்யிற ஒரு அக்கா பஸ்ஸில வரேக்க இதைக் காட்டி "அது இதுதானே" எண்டு கேட்டவ. இல்லை அக்கா, செங்கால் நாரைக்குச் சொண்டும் சிவப்பு, இதுக்குச் சொண்டு கறுப்பு, அது ஆளின்ர இடுப்புக்கு மேல வாற பெரிய பறவை எண்டு சொன்னன். "ஓ" எண்டு சொல்லிப்போட்டுப் போனை நோண்டத் துவங்கிட்டா. பரவாயில்லை.

நிறத்தை விட்டா வேற எதைப் பாக்கிறது எண்டு எனக்குச் சொல்லித்தந்தது புத்தகமும் இல்லை, மாஸ்டரும் இல்லை. கோப்பாய் - கைதடிப் பாலத்தடியில வீச்சுவலை போடுற ஒரு அண்ணை. நான் ரெண்டு மூண்டு கிழமையா ஒவ்வொரு ஞாயிறும் பைனாகுலரோட வந்து நிக்கிறதைப் பாத்துப்போட்டு முதல் அவர் நான் ஏதோ காணி அளக்க வந்த ஆள் எண்டுதான் நினைச்சவராம். குருவி பாக்கிறன் எண்டு சொன்னாப்பிறகு சிரிச்சார். "குருவியை நாங்களும்தான் பாக்கிறனாங்கள் தங்கச்சி, தண்ணி அளக்க."

எனக்கு விளங்கேல்ல. அவர் கையை நீட்டிக் காட்டினார். "உந்தா, உந்தச் சின்னன்கள் ஓடுதெல்லே, அதில தண்ணியே இல்லை, ஈரம் மட்டும். அதுக்கங்கால சிவப்புக்கால் நிக்குது, அதில கால் பெருவிரல் நனையும். நெட்டைக்கால் நிக்கிற இடத்தைப் பாருங்கோ. அதுக்குக் காலில பாதி தெரிஞ்சா இறால் இல்லை, வலை எறிஞ்சா சேறுதான் வரும். வயிறு நனையிற மாதிரி நிண்டா அதுக்கு அங்கால ஒரு பத்தடி போய் எறியலாம்."

நான் அதில நிண்டபடியே மனசுக்குள்ள கணக்குப் போட்டன். கால் 20 சென்ரிமீற்றர் சொச்சம், வயிறு தொட்டுதெண்டா தண்ணி ஏறக்குறைய ஒரு சாண். எங்கட கடலேரி எல்லாமே ஆழமில்லாத தட்டையான தரை, ஒரு சாண் கூடினாலும் குறைஞ்சாலும் கால் மைல் தூரம் கரை நகரும், அதுக்குள்ள ஒவ்வொரு குருவியும் தன்ர தன்ர காலுக்கு ஏத்த தண்ணியில வரிசை கட்டி நிக்குது. காஞ்ச விளிம்பில கோட்டான் எண்டு சொல்லுற சின்ன உப்புக்கொத்தியள், ஈரத்தில கொசுறு மாதிரிச் சின்ன உள்ளான்கள், பிறகு றெட்ஷாங்க், பிறகு நீளச்சொண்டுக் கருவால் மூக்கன், அதுக்கும் அங்கால நெடுங்கால் உள்ளான், ஆகக் கடைசியில பூநாரை வந்திருந்தா அது. கரையில இருந்து பாத்தா பள்ளிக்கூட அசெம்பிளியில உயரப்படி நிப்பாட்டி வைச்சமாதிரி. நிறம் தெரியாத வெளிச்சத்திலயும் இந்த வரிசை தெரியும். அண்டையில இருந்து நான் கண்ணாடியைத் தூக்கினா முதல் பாக்கிறது குருவியை இல்லை, அது எவ்வளவு தண்ணிக்குள்ள நிக்குது எண்டதை.

இது விளங்கின பிறகு எப்ப எங்க போனா இதைக் காணலாம் எண்டதும் தன்பாட்டில விளங்கிட்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்டு மழை கொட்டி கடலேரி நிரம்பிற நேரத்தில பாலத்தடியில போய் நிண்டு குருவி இல்லை எண்டு முறைப்பட்டுப் பிரயோசனமில்லை, தண்ணி அதின்ர காலுக்கு மிஞ்சிட்டு. அப்ப தென்மராட்சிப் பக்கத்து வயலுக்கை போகவேணும், நெல்லு இன்னும் மூடிக்கட்டாத வயலுகளில கணுக்கால் தண்ணிக்குள்ள நடந்துகொண்டு நிக்கும். தை பிறந்து தண்ணி வத்தத் துவங்க திரும்பக் கடலேரிக்கு இறங்கும். வல்லை, நாவற்குழி, அரியாலைப் பக்கம், மண்டைதீவு, பொன்னாலைப் பாலத்தின்ர ரெண்டு கரை, எல்லாம் மாசி பங்குனியில நல்ல இடம். வருசம் முழுக்க இஞ்சயே இருந்து முட்டை போடுற கூட்டமும் இருக்கு, குளிர்காலத்துக்கு வடக்கில இருந்து மத்திய ஆசியப் பறப்புப்பாதையால வந்து சேருற கூட்டமும் இருக்கு, அதால மாரி முடிய எண்ணிக்கை திடீரெண்டு கூடும். வசதி இருந்தா சுண்டிக்குளம் வரைக்கும் போங்கோ. 1938 இல சரணாலயமாக்கி 2015 இல தேசியப் பூங்கா ஆக்கின இடம், குருவி இருக்கிற இடத்துக்கும் றோட்டுக்கும் இடையில தூரம் கூட, பொறுமை வேணும். எனக்கு என்னவோ பாலங்கள்தான் பிடிப்பு. பஸ்ஸில போய் இறங்கி நிக்கலாம், பசிச்சா வடை வாங்கலாம்.

மற்றது நடை. இதை எழுத்தில கொண்டுவாறது கஸ்டம், எண்டாலும் ஒருக்கா முயற்சி பண்ணுறன். நெடுங்கால் உள்ளான் காலைத் தண்ணிக்கு வெளியால முழுசா எடுத்து, மடிச்சு, ஒரு கணம் நிப்பாட்டி, பிறகு சத்தமில்லாமல் உள்ள வைக்கும், கல்யாண வீட்டுக்குக் கூறைச்சீலையோட சேறான ஒழுங்கையால நடந்து போற பொம்பிளை மாதிரி. அதில ஒரு அவசரமும் இருக்காது. சாப்பிடுறதும் அப்பிடித்தான், கழுத்தைக் குனிஞ்சு தண்ணிக்கு மேலால போற பூச்சி, வண்டு, சின்ன இறால்குஞ்சு எண்டு ஒண்டு ஒண்டாக் கொத்தி எடுக்கும், இடைக்கிட தலையைத் தண்ணிக்குள்ள அமத்தும். கருவால் மூக்கன் அப்பிடி இல்லை, அது தையல் மெசின் மாதிரிச் சொண்டை முழுக்கச் சேத்துக்குள்ள குத்திக்கொண்டே போகும். அவொசெற் எண்டா சொண்டைத் தண்ணிக்குள்ள வைச்சு இடமும் வலமுமா அரிவாள் வீசினமாதிரி வீசும். அண்டைக்கு வல்லையில நான் படம் எடுக்கிற அவதியில ஒரு நிமிசம் பொறுத்து அது எப்பிடிச் சாப்பிடுது எண்டு பாத்திருந்தாலே காணும், சாதாளையும் தானா விழுந்திருக்கும், என்ர மானமும் மிஞ்சியிருக்கும்.

முழங்கால் விசயத்தில ஒண்டு சொல்லவேணும். அது நடக்கேக்க முழங்கால் பின்பக்கம் மடியிற மாதிரித் தெரியும், பாக்கிற எல்லாரும் இதைக் கேக்கிறவை. அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேல வயித்து இறகுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. நாங்கள் கால் எண்டு சொல்லுறதில பாதி அதின்ர பாதம்தான், அது எப்பவும் நுனிவிரலில நிக்குது. இதை நான் வீச்சுவலை அண்ணைக்கு விளங்கப்படுத்தப் போனன். "அப்ப என்ர முழங்கால் எங்க இருக்கெண்டும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ, மூண்டு வருசமா நோகுது" எண்டு கேட்டுப்போட்டு வலையை உதறத் துவங்கிட்டார்.

குருவி இல்லாத நேரத்திலயும் சேத்தில அதின்ர அடி இருக்கும். மூண்டு விரல்தான், மூண்டும் முன்பக்கம், பின்விரல் இல்லவே இல்லை. கொக்கின்ர அடியில பின்னால ஒரு நீட்டு விரல் கோடு போட்டமாதிரி விழும். வத்தின தரவையில, அதாவது கடலேரிக்கரை வெறுந்தரையில, உமரிச் செடியளுக்கு இடையில இந்த ரெண்டு அடியையும் பிரிச்சுப் பாத்துக்கொண்டு நடக்கிறது எனக்கு இப்ப ஒரு விளையாட்டு. கால் வைக்கிற இடம் பாத்து வையுங்கோ, மேல காஞ்சு வெடிச்ச சேறெண்டு நம்பி ஏறினா கீழ களி, ஒரு சோடிச் செருப்பு இன்னும் அரியாலைப் பக்கம் எங்கயோ கிடக்கு.

சத்தம். கிக்-கிக்-கிக் எண்டு ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூரா அடிக்கும், ஆரும் கிட்டப் போனா நிப்பாட்டாது, மேல எழும்பிச் சுத்திச் சுத்திக் கத்தும். இவ்வளவு வடிவான குருவிக்கு இப்பிடி ஒரு தொண்டையைக் குடுத்தது ஏனெண்டு கேக்கத் தோன்றும். இரவிலயும் மேயும், இரவிலயும் கத்தும்.

இந்த இரவுச் சத்தத்தில எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. 90களின்ர துவக்கத்தில ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடிக்கிடந்த காலம், குடாநாட்டில இருந்து வெளியால போறதெண்டா இரவில கிளாலிக்குப் போய் வள்ளத்தில கடலேரியைக் கடக்கிறது ஒண்டுதான் வழி. எனக்கு அப்ப எட்டு வயசு. கரையில இருட்டுக்குள்ள சனம் குந்திக்கொண்டு இருக்குது, விளக்கில்லை, கதைக்கக் கூடாது, அம்மா என்ர வாயில கையை வைச்சுக்கொண்டு இருக்கிறா, அவவின்ர கையில வேப்பெண்ணை மணம். அந்த நேரத்தில தண்ணிப் பக்கம் இருந்து ஒண்டு விடாமல் கத்துது. கிக்-கிக்-கிக்-கிக். அது எங்களைக் காட்டிக்குடுக்கப்போகுது எண்டு நான் பயந்து அம்மாவின்ர சீலைக்குள்ள முகத்தை வைச்சன். "ஆக்காட்டி" எண்டு அம்மா காதுக்குள்ள சொன்னவ.

கன வருசம் நானும் அது ஆக்காட்டி எண்டுதான் நினைச்சனான். ஆக்காட்டியும் இரவில கத்துறதுதான், ஆனா ஆக்காட்டியின்ர கூப்பாட்டில ஒரு வசனம் இருக்கும், ஏறி இறங்கும், ஒரு கேள்வி கேக்கிற மாதிரி இழுத்து முடியும். கிளாலியில நான் கேட்டதில வசனம் இல்லை, ஒரே எழுத்து. போன வருசம் மாசியில வல்லையில பொழுதுபட்ட பிறகு நிக்கேக்க ஒரு நாய் கரைவழிய ஓட, தண்ணிக்குள்ள நிண்ட நெடுங்கால் உள்ளான்கள் எல்லாம் ஒண்டா எழும்பிக் கத்தினது, நான் மோட்டச்சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சநேரம் அப்பிடியே நிண்டிட்டன். வீட்ட வந்து அம்மாவுக்குப் போனில பிடிச்ச சத்தத்தைப் போட்டுக் காட்டினன். அவ ரெண்டு தரம் கேட்டா. "கொக்கு" எண்டா.

கூடு பற்றி எழுதுறன், ஆனா எந்த இடம் எண்டு எழுதமாட்டன், கேட்டு எழுதாதேங்கோ. சோளகம் வீசுற காலம், ஆனி மாசம், தண்ணி வத்தி உப்புப் பூத்த தரவையில ஒரு சின்ன மண்மேடு, அதில கையால கிண்டினமாதிரி ஒரு பள்ளம், சுத்திவர நாலு காஞ்ச உமரிக்குச்சி, அவ்வளவுதான் கூடு. நாலு முட்டை. களிமண் நிறத்தில கறுப்புத் தெறிச்ச முட்டை, கண்ணுக்கு முன்னால இருந்தாலும் தெரியாது. நான் கண்டது முட்டையை இல்லை, மத்தியான வெயிலில ஒரு குருவி தண்ணி இல்லாத இடத்தில காலை மடிச்சு இருக்கிறதை. காலை மடிச்சா நெடுங்கால் உள்ளான் ஒரு குட்டிக் குருவி, பின்னால கால் ரெண்டும் குச்சிமாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கும். உடன பின்வாங்கி, றோட்டோரம் ஒரு பூவரசுக்குக் கீழ நிண்டு நூறு மீற்றரில இருந்து பாத்தன், அதுக்குப் பிறகு அந்த மாசம் முழுக்க அதுதான் என்ர இடம்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை இருக்குதுகள். 25 நாள் அளவில பொரிக்கும். எனக்கு மறக்கேலாதது அதுகள் முட்டையைக் குளிர வைச்ச விதம். அந்த வெயிலுக்கு முட்டை வெந்துபோகும், நிழலெண்டு அங்க ஒரு புல்லுக்கூட இல்லை. இருந்த குருவி எழும்பும், தண்ணி கிடக்கிற இடத்துக்கு நடந்து போகும், போய்க் காலை மடிச்சு மடிச்சுக் குந்தி வயித்து இறகைத் தண்ணியில தோய்க்கும், பிறகு சொட்டச் சொட்ட வந்து முட்டைக்கு மேல இருக்கும். கொஞ்சநேரத்தால மற்றது. திரும்ப முதலாவது. வெயில் கூடக் கூட நடை கூடும். நான் தொப்பியும் போட்டு, குடையும் பிடிச்சு, போத்தில் தண்ணியும் முடிச்சுப்போட்டு நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்.

காகம் வந்தா ரெண்டும் சேந்து கலைக்கும். நாய் வந்தா ஒண்டு செட்டை முறிஞ்ச மாதிரி நிலத்தில இழுபட்டு இழுபட்டுப் போகும், நாய் அதுக்குப் பின்னால போகும், கூட்டுக்குத் தூரத்தில கொண்டுபோய் விட்டிட்டு ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பிப் பறக்கும். முதல் தரம் பாக்கேக்க எனக்கே அழுகை வந்திட்டு, உண்மையாவே முறிஞ்சு போச்செண்டு நினைச்சன்.

நாய்க்கு நடிச்சுக் காட்டலாம், லொறிக்கு என்னத்தை நடிக்கிறது. அதே தரவையில இன்னொரு சோடி கூடு வைச்சிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனா அந்த இடத்தில கட்டிட உடைசல் குவிஞ்சு கிடக்கு, கல்லு, ஓட்டுத்துண்டு, ஒரு உடைஞ்ச கொமட், சொப்பிங் பையள். ஆர் கொட்டினது எண்டு தெரிஞ்சும் தெரியாத மாதிரித்தான் எல்லாரும் கதைச்சினம். "வெறும் தரைதானே, அதில என்ன கிடக்கு" எண்டு ஒருத்தர் என்னட்டையே கேட்டார். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இலயே வந்திட்டு, ஆனா வெறும் தரை எண்டு எல்லாரும் நினைக்கிற இடத்துக்குச் சட்டம் வந்து சேர நாளெடுக்கும்போல. அந்தச் சோடி ரெண்டு நாள் அந்தக் குவியலுக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தினதுகள், மூண்டாம் நாள் காணேல்ல.

மற்றக் கூட்டில மூண்டு பொரிச்சுது. குஞ்சுகள் பொரிச்ச அண்டைக்கே எழும்பி நடக்கும், சாம்பல் மண்ணிறப் பஞ்சு உருண்டை, அதுக்கு அடியில ரெண்டு தும்புத்தடிக் குச்சி. தாய் ஒரு சத்தம் போட்டால் மூண்டும் அந்த இடத்திலயே படுத்திடும், பிறகு பைனாகுலரால தேடினாலும் பிடிக்கேலாது. ஆவணி முடிய ஒரு நாள் பறந்து போனதுகளைப் பாத்தன், செட்டையின்ர பின்விளிம்பில மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஓடுது, அது அந்த வருசத்துக் குஞ்சுக்கு மட்டும் இருக்கிற அடையாளம். மூண்டில ரெண்டை எண்ணினன். மூண்டாவது அந்த நேரம் வேற இடத்தில மேஞ்சுகொண்டு நிண்டிருக்கும் எண்டு வைச்சுக்கொண்டன்.

பாக்கப் போறவைக்கு ரெண்டு மூண்டு விசயம். பைனாகுலர் வாங்குறதெண்டா 8 பெருக்கம், 42 மில்லிமீற்றர் வில்லை காணும், 10 பெருக்கம் வாங்கி வல்லைவெளிக் காத்துக்குள்ள நிண்டு பாருங்கோ, குருவி இல்லை, உங்கட கை நடுக்கம்தான் பெரிசாத் தெரியும். வல்லை றோட்டு ஏறக்குறைய வடக்குத் தெற்காப் போகுது, அதால விடிய மேற்குப் பக்கம் பாருங்கோ, பின்னேரம் கிழக்குப் பக்கம், சூரியன் முதுகில இருக்கும். குருவி மேயிறதை விட்டிட்டுத் தலையை மேலயும் கீழயும் வெட்டி வெட்டி ஆட்டத் துவங்கினா நீங்கள் கிட்டப் போயிட்டியள் எண்டு அர்த்தம், ரெண்டடி பின்னால வாங்கோ. பறக்கேக்க பாருங்கோ, செட்டை மேலயும் கீழயும் கறுப்பு, முதுகில வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேல ஏறும், கால் வாலைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டு நிக்கும், அதுக்குப் பிறகும் அவொசெற் எண்டு சொல்லுற ஆள் நான் ஒருத்திதான்.

தை மாசத்தில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987 இல இருந்து நடக்குது. நான் போன முறை மாஸ்டர் என்னைத் தன்ர பக்கத்தில நிப்பாட்டி எண்ணப் பழக்கினார். ஒண்டு ஒண்டா எண்ணக்கூடாது, பத்துக் குருவி எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு கண்ணில பிடிச்சு வைச்சுக்கொண்டு அந்த அளவால கூட்டத்தை வெட்டி வெட்டிப் போகவேணும். நான் எண்ணி முடிச்சு எழுதினதை அவர் எட்டிப் பாத்தார். "அவொசெற் ஒண்டும் இல்லையோ?" எண்டு கேட்டார். ரெண்டு வருசமாகியும் மறக்கேல்ல மனுசன்.

போன ஞாயிறும் கோப்பாய் - கைதடிப் பாலத்தடிக்குப் போனன். அண்ணை வலையைத் தோளில போட்டுக்கொண்டு பாலத்துக் கட்டில இருந்து வெத்திலை சப்பிக்கொண்டு இருக்கிறார். முகில் மூடி வெளிச்சம் செத்த விடியல், தண்ணியும் வானமும் ஒரே ஈயநிறம், நிறமெண்டு எதிலயும் ஒண்டும் இல்லை. தூரத்தில நாலு கறுத்தப் புள்ளி.

"என்ன தங்கச்சி, உங்கட கண்ணாடிக்கு என்ன தெரியுது?"

"நாலு நெட்டைக்கால் அண்ணை."

"எவ்வளவில நிக்குது? முழங்காலோ, நீங்கள் சொல்லுற கணுக்காலோ?"

நான் ஆறுதலாப் பாத்தன். ஒண்டு குனிஞ்சு கொத்திப்போட்டு நிமிந்துது. கால் தெரியேல்ல.

"வயிறு நனைஞ்சிட்டு."

அவர் வெத்திலையைத் துப்பிப்போட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கினார்.